போலீசில் சொன்னது கோர்ட்டில் செல்லாது! ஏன்?

"கிட்டி" என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதுதான்.

இரண்டு குச்சிகள். ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும். நடுவே ஒரு ஆளின் விரல்களை வைத்து, மறுமுனையை அழுத்துவார்கள். நெரிக்க நெரிக்க ஆள் அலறுவான். "பணத்தைக் கட்டுகிறேன்" என்றோ, "நான்தான் திருடினேன்" என்றோ சொல்லும் வரையில் விடமாட்டார்கள்.

"அண்ணாந்தாள்" என்று இன்னொன்று. ஒரு கயிற்றையோ, அவன் தோளில் கிடந்த துண்டையோ எடுத்து, கழுத்தையும் கால் விரல்களையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். குனிந்தவன் நிமிர முடியாது. சில நேரம் முதுகில் ஒரு கல்லையும் ஏற்றி வைப்பார்கள். அப்படியே வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

இவை கொள்ளைக்காரர்கள் செய்த காரியம் அல்ல. சர்க்கார் சேவகர்கள் செய்தவை! நடந்த இடம் சென்னை ராஜதானி. சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில்.

இன்று இந்தியக் கோர்ட்டுகளில் பொதுவான ஒரு விதி உண்டு. "நான்தான் குற்றம் செய்தேன்" என்று ஒருவர் போலீசாரிடம் ஒப்புக்கொண்டால், அந்த வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட்டு ஏற்காது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். "அவனே ஒப்புக்கொண்டான், பிறகு என்ன விசாரணை?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விதி பிறந்த கதையில் கிட்டிக்கும் அண்ணாந்தாளுக்கும் பங்கு இருக்கிறது.

ஒரே கையில் இரண்டு அதிகாரம்

1816-ம் ஆண்டில் சென்னை ராஜதானியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. நிலவரி வசூலிக்கும் தாசில்தாரே தாலுகாவின் போலீஸ் தலைவரும் ஆனார். அவருக்குக் கீழே கிராம மணியக்காரர், தலையாரி, சேவகர்கள். வரி கட்டாதவனைப் பிடிப்பதும் அவர்கள்தான். திருடனைப் பிடிப்பதும் அவர்கள்தான். சேவகர்களுக்குக் கிடைத்த சம்பளமோ சொற்பம்.

வரி பாக்கி விழுந்தால் மேலதிகாரி கோபிப்பார். திருட்டைக் கண்டுபிடிக்காவிட்டாலும் கோபிப்பார். இரண்டுக்கும் குறுக்கு வழி ஒன்றே. யாராவது ஒருவனைப் பிடித்துவந்து கிட்டி கட்டினால், பணமும் வரும், வாக்குமூலமும் வரும்.

அடிபட்டவன் யாரிடம் முறையிடுவான்? கலெக்டர் கச்சேரி வெகுதூரத்தில் இருந்தது. நடந்து போய்ச் சேர்ந்தாலும், மனுவை வாங்கி உள்ளே கொடுப்பவர் அதே தாசில்தாரின் உறவினராகவோ சிநேகிதராகவோ இருப்பார். ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் கிட்டிதான்.

வியாபாரி எழுப்பிய குரல்

அப்போது சென்னையில் காஜுல லட்சுமிநரசு செட்டியார் என்ற வியாபாரி இருந்தார். வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். சேர்த்த பணத்தைப் பொதுக் காரியத்தில் கரைத்தவர் என்றும் சொல்ல வேண்டும். 1844-ம் ஆண்டில் "கிரெசென்ட்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1852-ல் சென்னை சுதேசிகள் சங்கத்தை ஏற்படுத்தினார். கம்பெனி அதிகாரிகள் செய்யும் கொடுமைகளை லண்டன் பார்லிமெண்டுக்கே மனுவாக எழுதி அனுப்பினார்.

1853-ம் ஆண்டில் டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் மெம்பர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையைக் காட்டினார். கேட்டதை அவர் மறக்கவில்லை. 1854 ஜூலையில் பார்லிமெண்டில் இந்தப் பேச்சு கிளம்பியது.

"சென்னையில் வரி வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார்களாமே!"

கம்பெனியின் பக்கம் இருந்தவர்கள் அடித்து மறுத்தார்கள். சென்னையில் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர்கள் கூட, இப்படி ஒன்று தங்கள் காதில் விழுந்ததே இல்லை என்றார்கள். கடைசியில், விசாரித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மூன்று பேர், மூன்று மாதம்

எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் விசாரணைக் கமிஷனுக்கு நியமிக்கப்பட்டார்கள். நார்ட்டன் ஒரு வக்கீல். புகார் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. கொடுத்த காலம் மூன்று மாதம்.

வந்தார்கள். நேரிலும் வந்தார்கள், கடிதமும் எழுதினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் குவிந்தன. வேலை வெட்டியை விட்டுவிட்டு, மாட்டையும் நிலத்தையும் யார் பொறுப்பிலோ ஒப்படைத்துவிட்டு, பட்டணம் வரை வந்து "என்னை அடித்தார்கள்" என்று சொல்வது லேசான காரியமா? வராதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

1855 ஏப்ரலில் அறிக்கை வெளியாயிற்று. சித்திரவதை நடப்பது உண்மை என்று கமிஷன் சொல்லிவிட்டது. வரிக்காகவும் நடக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் நடக்கிறது என்றது. எந்தெந்த முறையில் நடக்கிறது என்று பட்டியலும் போட்டது. கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் ஊர்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அந்த அறிக்கையில் காணலாம்.

ஒன்றை மட்டும் கமிஷன் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டது. ஜனங்கள் குறை சொல்வது உள்ளூர்ச் சேவகர்களைத்தான், வெள்ளைக்கார அதிகாரிகளை அல்ல என்றது. வரியை இவ்வளவு என்று விதித்ததும், அது முழுசாக வந்து சேரவேண்டும் என்று நெருக்கியதும் யார் என்ற கேள்வியை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857 சிப்பாய் கிளர்ச்சியின்போது, இந்தியர்களின் கொடுமை பற்றி லண்டன் பத்திரிகைகள் ஆத்திரத்தோடு எழுதிக்கொண்டிருந்தன. அப்போது கார்ல் மார்க்ஸ் இந்தச் சென்னை அறிக்கையை எடுத்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். யார் ஆட்சி எப்படிப்பட்டது என்று அவர்கள் கையெழுத்தைக் கொண்டே காட்டினார்.

விலையைக் குறைத்தால்...

அறிக்கைக்குப் பிறகு, 1859-ல் சென்னை ராஜதானியில் வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்று பிரிக்கப்பட்டது. 1861-ம் ஆண்டில் இந்தியாவுக்கு முதல் குற்ற விசாரணை முறைச் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்று அதில் எழுதப்பட்டது. 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. சென்னை அறிக்கை ஒன்றே இதற்குக் காரணம் அல்ல. வங்காளம் போன்ற இடங்களிலும் இதே புகார் இருந்தது. ஆனால் மறுக்க முடியாதபடி சாட்சிகளோடு எழுதி வைத்தது சென்னை அறிக்கைதான்.

இந்த விதியின் சூட்சுமம் எளிது. சந்தையில் ஒரு சரக்குக்கு விலை இல்லை என்றால் யாரும் அதைக் கொண்டு வரமாட்டார்கள். அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்குக் கோர்ட்டில் விலை இல்லை என்று ஆக்கிவிட்டால், அடிப்பதற்கு ஆசை குறையும். போலீசார் எழுந்து போய்க் கைரேகையையும், காலடியையும், கண்ணால் பார்த்த சாட்சியையும் தேடுவார்கள். சாட்சியச் சட்டத்தை எழுதிய ஸ்டீபன் என்ற ஆங்கிலேயரிடம் ஒரு அனுபவசாலியான அதிகாரி இந்தக் கொடுமைக்குக் காரணம் சோம்பல்தான் என்று சொன்னாராம். வெயிலில் அலைவதைவிட நிழலில் உட்கார்ந்து அடிப்பது சுலபம் அல்லவா!

2023-ல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2024 ஜூலை 1-ந்தேதி அமுலுக்கு வந்தன. பாரதீய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவிலும் இந்த விதி உயிரோடு இருக்கிறது.

கூரையில் செருகிய கத்தி

அடைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் உண்டு. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தகவலில் அந்தப் பொருளைப் பற்றிய பகுதி மட்டும் சாட்சியமாகச் செல்லும்.

எவ்வளவு செல்லும்? இதைத் தீர்த்து வைத்தது 1946-ம் ஆண்டு வழக்கு ஒன்று. அதுவும் சென்னை மாகாணத்து வழக்குதான். குண்டூர் ஜில்லாவில் கிராமக் கட்சிச் சண்டையில் நடந்த கொலை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று.

"என் வீட்டுக் கூரையில் மறைத்து வைத்திருக்கும் கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவன் சொல்கிறான். கத்தி அகப்படுகிறது. இந்தப் பேச்சு செல்லும். "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்றும் சேர்த்துச் சொல்கிறான். அது செல்லாது! கத்தி கூரையில் இருந்தது அவனுக்குத் தெரியும் என்பது மட்டுமே ருசு. குத்தியவன் அவன்தானா என்பதைப் போலீசார் வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். இன்றுவரை கோர்ட்டுகள் இந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

இடையில் இந்த விதிக்கு ஆபத்தும் வந்தது. 1987-ம் ஆண்டு "தடா" சட்டம், போலீஸ் சூப்பிரண்டெண்டு அந்தஸ்துள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றது. அது 1995-ல் காலாவதியாயிற்று. 2002-ல் வந்த "பொடா"விலும் அப்படியே இருந்தது. 2004-ல் அதுவும் ரத்தாயிற்று. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் "நாங்கள் போலீஸ் அல்லவே" என்று சொல்லி வாக்குமூலம் வாங்கி வந்தார்கள். 2020 அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், அவர்களிடம் சொன்னதும் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

இருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது.

1977-ல் ஒரிசாவின் மாஜி முதல் மந்திரி நந்தினி சத்பதியைக் கட்டாக் நகரில் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். நீண்ட கேள்விப் பட்டியலைக் கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததற்காக வழக்கு! 1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். தலைச்சேரியில் வக்கீலாக இருந்து, 1952-ல் சென்னை சட்டசபை உறுப்பினராகவும் ஆனவர் அவர். மௌனமாக இருக்கும் உரிமை கோர்ட்டில் மட்டும் அல்ல, போலீஸ் நிலையத்திலும் உண்டு என்றார். தம்மைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெண் ஒருவரை நிலையத்துக்கு வரவழைத்ததே தவறு என்றும் கண்டித்தார்.

2010-ல் இன்னொரு தீர்ப்பு. ஊசி போட்டு மயக்கத்தில் பேச வைப்பதும், பொய் கண்டுபிடிக்கும் கருவியில் உட்கார வைப்பதும் அவரவர் சம்மதம் இல்லாமல் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கிட்டி மரத்தால் செய்ததாக இருந்தால் என்ன, மருந்தால் செய்ததாக இருந்தால் என்ன!

வாசலில் போலீசார்

இனி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். வாசலில் போலீசார் வந்து நிற்கிறார்கள். வீட்டைச் சோதனை போட வேண்டும் என்கிறார்கள்.

சோதனையைத் தடுத்துச் சண்டை பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு. அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, இரு தரப்புக்கும் வேண்டாத இரண்டு பேராவது சாட்சியாக உடன் இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் கூட இருந்து பார்க்கலாம். எடுத்த பொருள்களுக்கெல்லாம் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்காரருக்கு ஒரு நகல் தர வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மரியாதை குறையாமல். புதுச் சட்டப்படி சோதனை முழுவதையும் வீடியோ படம் பிடித்துத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். பட்டியலின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

"சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம், ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்வது உண்டு. சாட்சியாக விசாரிக்கக் கூப்பிடுவதற்கு எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர், 60 வயதுக்கு மேற்பட்டவர், உடல் ஊனமுற்றோர், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். விசாரணையில் சொன்னதைப் போலீசார் எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்துக் கேட்கக் கூடாது. இதையும் பலர் அறியமாட்டார்கள். புதிதாகக் கையெழுத்துப் போடக் கற்றவர்கள், கேட்டவுடன் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்!

கைது என்றால் கதை வேறு. 1986-ல் மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி சங்கத்தின் தலைவர் டி. கே. பாசு, போலீஸ் காவலில் நேரும் சாவுகளைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. 1996 டிசம்பரில் கோர்ட்டு பிறப்பித்த கட்டளைகளில் முக்கியமானவை இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி வில்லை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் இதில் கையெழுத்துப் போடுவார். இது வாக்குமூலம் அல்ல. அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். டாக்டர் பரிசோதித்து, காயம் இருந்தால் எழுதி வைக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வக்கீலைச் சந்திக்கலாம். எதற்காகக் கைது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும், உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில், பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் செய்யலாம்.

24 மணி நேரம்

கைதானவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தியாக வேண்டும். குடும்பத்தார் கோர்ட்டு வாசலில் வந்து நிற்க வேண்டியது அந்த நாளில்தான். அடித்தார்கள் என்றால் கைதி அங்கேயே சொல்லலாம், சொல்ல வேண்டும்.

மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். அதனால்தான் அதற்குக் கட்டுத்திட்டம் அதிகம். "நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்புக்கொண்டால் உனக்கு எதிராகவே பயன்படலாம்" என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். கைதி "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டால்? அவரைப் போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது! மறுத்தவர் மறுபடி அதே லாக்கப்புக்குப் போனால் என்ன ஆகும் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டத்தில் இவ்வளவு எழுதியிருந்தும், 2020 ஜூனில் தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சில நாட்களில் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். ஊரடங்கு நேரத்தில் கடையை மூடியது பற்றிய விவகாரத்தில் தொடங்கிய சங்கதி! மதுரை ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் போலீஸ், நேரில் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில், நாட்டிலுள்ள எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரத்தில், நகை காணாமற்போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் இறந்தார். கிட்டியைச் சட்டம் ஒழித்தது. நிழலில் உட்கார்ந்து கேஸை முடிக்கும் ஆசையை அதனால் முற்றிலும் ஒழிக்க முடியவில்லை.

கேட்காவிட்டாலும் வக்கீல்

வழக்குத் தொடங்கியதும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டில் "எதிரி" என்று பெயர். கேட்பதற்கு என்னவோ போல் இருந்தாலும் பழகிப்போன வார்த்தை. எதிரி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. சாட்சி சொல்லும் மொழி எதிரிக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் நீதிபதி எதிரியிடம் நேரில் கேள்வி கேட்பார். அதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாவிட்டாலும் அதற்காகத் தண்டனை கிடையாது.

வக்கீலுக்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? அருணாசலப் பிரதேசத்தில் சுக்தாஸ் என்ற ஊழியர், ஒரு என்ஜினீயரை மிரட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வக்கீல் இல்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத் தண்டனை விழுந்தது. "இலவச வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே" என்று சொல்லி ஐகோர்ட்டும் கைவிட்டது.

1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கிராமத்து ஜனங்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, படித்தவர்களிலும் பலருக்குத் தங்கள் உரிமை தெரியாது, தெரியாததைக் கேள் என்றால் எப்படிக் கேட்பார்கள் என்றது. இலவச வக்கீல் உண்டு என்பதை எதிரியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை.

காவலில் இருக்கும் எவருக்கும் இந்த வக்கீலைச் சட்டம் கொடுக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்கு பாராமலே கிடைக்கும். ஜில்லா கோர்ட்டுகளிலும் தாலுகா கோர்ட்டுகளிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் தமிழிலேயே மனு எழுதிக் கொடுத்தால் போதும். டெலிபோனில் கேட்பதானால் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை.